கரண்ட் போன பிறகும் வேலை செய்யும் திட்டம்: வீட்டுக்கு ஓர் அவசரகாலக் கையேடு

2015 டிசம்பர் 1. சென்னையில் இன்ஜினியரிங் முதலாண்டு படித்துக் கொண்டிருந்தேன். நண்பர்களுடன் தங்கியிருந்த தரைத்தள அறைக்குள் இரவில் தண்ணீர் ஏறியது. மாடி வீட்டுக்காரர்கள் எங்களை மேலே அழைத்துக் கொண்டார்கள். கரண்ட் இல்லை. கையிலிருந்த செல்போன் நள்ளிரவில் அணைந்துவிட்டது.

மறுநாள் மதியம், அதே தெருவில் ஒரு பெரியவர் வீட்டு லேண்ட்லைன் மட்டும் வேலை செய்தது. "வீட்டுக்குப் பேசுப்பா, தேடுவாங்க" என்று ரிசீவரை என் கையில் கொடுத்தார். அப்போதுதான் தெரிந்தது, எனக்கு அப்பாவின் எண் தெரியாது. என் போனில் அது "அப்பா" என்ற பெயராகத்தான் இருந்தது. பத்து இலக்கங்களை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மூன்றாம் நாள்தான் திருத்தணிக்குப் பேச முடிந்தது. அதுவரை அம்மா சாப்பிடவே இல்லை என்று பாட்டி பிறகு சொன்னார்.

டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. சென்னை விமான நிலையமே மூடப்பட்டு, நம் பக்கத்து ஊரான அரக்கோணத்தின் ராஜாளி கடற்படை விமான தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் இயக்கப்பட்டன. அவ்வளவு பெரிய வெள்ளத்தை நாம் தடுக்க முடியாது. ஆனால் என் பர்ஸில் ஒரு துண்டுக் காகிதம் இருந்திருந்தால், அம்மாவின் மூன்று நாள் தவிப்பை நிச்சயம் தடுத்திருக்கலாம்.

இன்று நான் வேலை பார்ப்பது சாப்ட்வேர் துறையில். சர்வர் நின்றுபோனால் யார் யாரை அழைக்க வேண்டும், எந்த பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் எழுதி வைத்த திட்டம் உண்டு. நம்மில் பலருடைய வீட்டுக்கு அப்படி ஒரு பக்கம் கூடக் கிடையாது. அந்தப் பக்கத்தை நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் தயாரிப்பதுதான் இந்தப் பாடம். ஒரே ஒரு விதியை மட்டும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள்:

எது நின்றுபோகும் என்று பயப்படுகிறோமோ, நம் திட்டம் அதையே நம்பி இருக்கக் கூடாது.

கரண்ட் போகும் என்று பயந்து தயாரித்த திட்டம், கரண்ட் இருந்தால்தான் திறக்கும் கம்ப்யூட்டருக்குள் இருந்தால் என்ன பயன்?

படி 1: நமக்கு என்னென்ன வரலாம்?

அமெரிக்க இணையதளங்களில் கிடைக்கும் மாதிரித் திட்டங்களில் பனிப்புயலும் காட்டுத்தீயும் இருக்கும். அதை அப்படியே காப்பி செய்யாதீர்கள். உங்கள் ஊரைப் பற்றி யோசியுங்கள். உதாரணத்துக்கு, எங்கள் திருத்தணிப் பகுதிக்கான பட்டியல் இது.

புயலும் நீண்ட மின்தடையும்: 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா புயல், திருவள்ளூர் மாவட்டத்திலும் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது.

வெள்ளம்: 2021 நவம்பரில் ஆந்திராவின் அம்மப்பள்ளி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரால் கொசஸ்தலை ஆறு பெருகி, பள்ளிப்பட்டுப் பகுதியில் தரைப்பாலங்கள் மூழ்கின. மழை நம் ஊரில் பெய்ய வேண்டும் என்பதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் பெய்தாலும் போதும்.

வெயில்: கோடையில் 40 டிகிரியை (104 ஃபாரன்ஹீட்) தாண்டுவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். அந்த நேரத்தில் பல மணி நேர மின்தடை என்றால் வயதானவர்களுக்கு ஆபத்து. ஃப்ரிட்ஜில் வைத்த இன்சுலினும் கெட்டுப் போகலாம்.

கூட்டம்: ஆடிக் கிருத்திகைக்கும், டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கும் மலைக்கு வரும் கூட்டத்தில் குழந்தை கை தவறிப் போனால், நெட்வொர்க் நெரிசலில் போனும் கிடைக்காது.

இவற்றுடன் எல்லா ஊர்களுக்கும் பொதுவான கேஸ் கசிவு, தீ விபத்து, திடீர் நெஞ்சுவலி ஆகியவற்றையும் சேர்த்துக் கொள்ளுங்கள். காரணங்கள் வேறு வேறாக இருந்தாலும், பெரும்பாலும் நின்றுபோவது நான்குதான்: மின்சாரம், தொலைத்தொடர்பு, போக்குவரத்து, பணம். இந்த நான்கும் இல்லாமல் ஒரு நாளை ஓட்ட முடிந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்று பொருள்.

அரக்கோணத்தில்தான் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியன் இருக்கிறதே, நமக்கு என்ன கவலை என்று சிலர் கேட்பார்கள். பெரிய புயல் என்றால் அவர்களை எத்தனையோ ஊர்கள் அழைக்கும். முதல் சில மணி நேரம் நம் வீட்டுக்கு நாம்தான் மீட்புப் படை.

படி 2: ஒரே ஒரு பக்கம்

வேர்ட் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரைத் திறந்து கொள்ளுங்கள். பேப்பர் சைஸ் ஏ4, எழுத்தின் அளவு 16. இன்சர்ட் மெனுவில் டேபிள் சென்று இரண்டு காலம் கொண்ட டேபிள் ஒன்றை அமைத்து, கீழ்க்கண்டவற்றை நிரப்புங்கள்.

1. வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயர், செல் எண், ரத்த வகை, தினமும் சாப்பிடும் மருந்தின் பெயரும் அளவும்.

2. வெளியூர்த் தொடர்பாளர் (இதைப் பற்றிப் படி 3-ல் பார்ப்போம்).

3. சந்திக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, தீ அல்லது கேஸ் கசிவு என்றால் வீட்டை விட்டு ஓடி நிற்க வேண்டிய இடம் (எதிர்வீட்டு வேப்பமரம் போதும்). மற்றொன்று, வீட்டுக்கே திரும்ப முடியாவிட்டால் சேர வேண்டிய இடம். "கோயில் வாசல்", "சரவணப் பொய்கை" என்று எழுதாதீர்கள். திருவிழா நாளில் அங்கே ஆயிரம் பேர் நிற்பார்கள். குறிப்பிட்ட ஒரு கடை, ஒரு உறவினர் வீடு என்று எழுதுங்கள்.

4. மெயின் சுவிட்ச், தண்ணீர் வால்வு, கேஸ் ரெகுலேட்டர் ஆகியவை எங்கே இருக்கின்றன, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்.

5. யாருக்கு என்ன வேலை. பாட்டியைக் கைத்தாங்கலாக அழைத்து வருவது யார், மருந்துப் பையை எடுப்பது யார், ஆவணப் பையை எடுப்பது யார். ஒரு வேலைக்கு ஒருவர் பெயர்தான் இருக்க வேண்டும். "எல்லோரும்" என்று எழுதினால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

6. அவசர எண்கள்: பொது 112, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, கேஸ் கசிவு 1906, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, குழந்தைகள் உதவி 1098, மின்னகம் 94987 94987.

எல்லையோர வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. நம் போன் சில இடங்களில் ஆந்திர டவரைப் பிடிப்பது புதிதல்ல. எனவே அவசர எண்ணை அழைத்தவுடன் முதலில் ஊர், மாவட்டம், மாநிலம் மூன்றையும் சொல்லுங்கள். பிறகு விவரம் சொல்லலாம். சுருக்க எண்களை மட்டும் நம்பாமல், உள்ளூர் காவல் நிலையம், அரசு மருத்துவமனை ஆகியவற்றின் முழு எண்களையும் எஸ்டிடி கோடுடன் எழுதி வையுங்கள்.

இப்போது பிரிண்ட் எடுங்கள். இங்கே ஒரு சின்ன விஷயம். சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த எழுத்து தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். எனவே லேசர் பிரிண்ட் அல்லது ஜெராக்ஸ் எடுத்து லேமினேஷன் செய்து கொள்ளுங்கள். ஒரு பிரதி கதவுக்குப் பின்னால், ஒன்று ஆவணப் பையில், ஒன்று வெளியூர்த் தொடர்பாளரிடம். எண்களை மட்டும் விசிட்டிங் கார்டு அளவில் சிறிதாக்கி ஒவ்வொருவர் பர்ஸிலும், குழந்தையின் பள்ளிப் பையிலும் வையுங்கள். கிருத்திகைக் கூட்டத்துக்குப் போகும்போது அந்தச் சீட்டைக் குழந்தையின் சட்டைப் பையில் வைத்துப் பின் குத்திவிடுங்கள்.

படி 3: மதுரை அத்தை ஏன் முக்கியம்?

வெள்ள நாளில் வீட்டில் உள்ள நான்கு பேரும் நான்கு இடத்தில் இருந்தால், ஒருவரை ஒருவர் மாற்றி மாற்றி அழைத்து யாருக்கும் லைன் கிடைக்காது. அதற்குப் பதில், பாதிப்பு இல்லாத தூரத்து ஊரில் உள்ள ஒருவரைத் தொடர்பாளராக வைத்துக் கொள்ளுங்கள். எல்லோரும் அவருக்கு மட்டும் தகவல் சொல்ல வேண்டும். யார் எங்கே இருக்கிறார்கள் என்று அவர் குறித்து வைத்துக் கொண்டு மற்றவர்களுக்குச் சொல்வார்.

திருத்தணிக்காரர்கள் பெரும்பாலும் சென்னையில் உள்ள உறவினரைத்தான் முதலில் நினைப்பார்கள். அது தவறு. சென்னையைத் தாக்கும் புயல் நம்மையும் தாக்கும். திருப்பதியும் அப்படித்தான். மதுரை அத்தை, கோயம்புத்தூர் சித்தப்பா என்று தள்ளியிருப்பவராகப் பாருங்கள். முன்கூட்டியே அவரிடம் சொல்லி, சம்மதம் வாங்குவதும் அவசியம்.

பேசுவதை விட எஸ்எம்எஸ் அனுப்புவது நல்லது. நெட்வொர்க் நெரிசலில் பேச்சு அழைப்பு உடனே கிடைத்தால்தான் உண்டு. எஸ்எம்எஸ் அப்படியல்ல, சிறிய தகவல் என்பதால் காத்திருந்து, வழி கிடைக்கும்போது போய்ச் சேர்ந்துவிடும். பேட்டரியும் மிச்சமாகும். "நலம். பள்ளியில் இருக்கிறேன். 6 மணிக்கு மறுபடி சொல்கிறேன்" என்று இடம், நிலை, அடுத்த நேரம் மூன்றும் இருந்தால் போதும். வாட்ஸ்அப்புக்கு இன்டர்நெட் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

2015-ல் என் கைக்கு வந்த அந்த லேண்ட்லைன், எக்ஸ்சேஞ்சிலிருந்து தாமிரக் கம்பி வழியாகவே மின்சாரம் பெற்றது. அதனால்தான் வீட்டில் கரண்ட் இல்லாதபோதும் வேலை செய்தது. இன்று பல வீடுகளில் லேண்ட்லைன் ஃபைபருக்கு மாறிவிட்டது. மோடத்துக்குக் கரண்ட் இல்லையென்றால் அந்தப் போன் வெறும் பொம்மைதான். உங்கள் வீட்டில் எந்த வகை என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

படி 4: ஆவணங்களைக் காப்பாற்றுவோம்

ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுப் பத்திரம், பட்டா, மதிப்பெண் சான்றிதழ்கள், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், இன்சூரன்ஸ் பாலிசி, மருத்துவச் சீட்டுகள். இவற்றை 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். ஸ்கேனர் இல்லாதவர்கள் செல்போனில் உள்ள கூகுள் டிரைவ் ஆப்பின் ஸ்கேன் வசதியைப் பயன்படுத்தலாம். ஃபைல் பெயரில் "ஸ்கேன்001" என்று விட்டுவிடாமல், யாருடையது, எந்த ஆவணம் என்பதை எழுதுங்கள்.

பேக்கப்புக்கு ஒரு பழைய விதி உண்டு, 3-2-1. பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பிரபலப்படுத்தியது. மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்கள், ஒரு பிரதி வேறு இடத்தில். நம் வீட்டுக்கு இதை இப்படிச் செய்யலாம்: கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, மதுரை அத்தையிடம் இன்னொரு பென் டிரைவ் அல்லது கிளவுடில் ஒன்று.

பென் டிரைவ் தொலைந்து போகலாம் என்பதால் பாஸ்வேர்டு போட்டே வைக்க வேண்டும். இதற்கு 7-ஜிப் என்ற இலவச சாப்ட்வேர் போதும். ஆவணங்கள் உள்ள போல்டர் மீது ரைட் கிளிக் செய்து, 7-ஜிப் என்பதில் "ஆட் டு ஆர்கைவ்" தேர்ந்தெடுங்கள். ஆர்கைவ் ஃபார்மட் 7இசட் என்று இருக்கட்டும். பாஸ்வேர்டைக் கொடுத்து, "என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்" என்ற கட்டத்தில் டிக் செய்து ஓகே கொடுங்கள். 7-ஜிப் இன்ஸ்டாலரையும் அதே பென் டிரைவில் காப்பி செய்து வையுங்கள். வேறு கம்ப்யூட்டரில் திறக்கும்போது இன்டர்நெட் இல்லாமல் போகலாம். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டி, பென் டிரைவ் இல்லாத வேறு இடத்தில் வையுங்கள். உங்கள் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த பாஸ்வேர்டு, உங்களுக்கே ஏதாவது நேர்ந்தால் வீட்டாருக்குப் பூட்டிய கதவாகிவிடும்.

டிஜிலாக்கரில் அரசுத் துறைகள் நேரடியாக வழங்கும் ஆவணங்கள் அசலுக்குச் சமமாகச் சட்டப்படி ஏற்கத்தக்கவை. நாமே ஸ்கேன் செய்து ஏற்றியவற்றுக்கு அந்த மதிப்பு இல்லை. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. புதிய போனிலிருந்து டிஜிலாக்கரைத் திறக்கப் பதிவு செய்த செல் எண்ணுக்கு ஓடிபி வரவேண்டும். அந்தப் போன் வெள்ளத்தில் போனால்? எனவே டிஜிலாக்கர் இருக்கட்டும், பென் டிரைவும் இருக்கட்டும். இதேபோல் கூகுள் கணக்கில் இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்திருப்பவர்கள், செக்யூரிட்டி பகுதிக்குச் சென்று "பேக்கப் கோட்ஸ்" என்ற பத்து எண்களைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். போன் இல்லாமலே கணக்கைத் திறக்க அவை உதவும்.

படி 5: கரண்ட் கணக்கு

இன்வெர்ட்டர் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஏஹெச் பேட்டரி என்றால் 12 x 150 = 1800 வாட்-மணி. பேட்டரியின் வயது, இழப்பு எல்லாம் போக 60 சதவீதம் கிடைக்கும் என்று வைத்தால் 1080.

சாதாரண மின்விசிறி 75 வாட். இரண்டு ஓடினால் 150. மூன்று எல்இடி பல்பு 27, மோடம் 10. மொத்தம் 187 வாட். 1080-ஐ 187-ஆல் வகுத்தால் ஆறு மணி நேரம் கூட வராது. வர்தா போன்ற புயலுக்கு இது எம்மாத்திரம்? மின்விசிறிகளை நிறுத்தி, ஒரு பல்பு, போன் சார்ஜ், மோடம் என்று 30 வாட்டுக்குள் சுருக்கினால், இன்வெர்ட்டர் தானே எடுத்துக் கொள்ளும் மின்சாரம் போகவும் ஒரு முழு நாளை ஓட்டலாம். கரண்ட் போன முதல் ஐந்து நிமிடத்தில் எதை நிறுத்துவது என்பதைத்தான் திட்டத் தாளில் எழுத வேண்டும். வெயில் காலமென்றால் பாட்டியின் அறை மின்விசிறி மட்டும் ஓடட்டும்.

20,000 எம்ஏஹெச் பவர் பேங்க், 5,000 எம்ஏஹெச் போனை நான்கு முறை சார்ஜ் செய்யும் என்று நினைக்காதீர்கள். வோல்டேஜ் மாற்றும்போது ஏற்படும் இழப்பால் இரண்டரை முதல் மூன்று முறைதான் கிடைக்கும். மாதம் ஒரு முறை அதை எடுத்து சார்ஜ் செய்து வையுங்கள்.

பணமும் இப்படித்தான். வர்தா வந்தபோது பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஐந்து வாரம்கூட ஆகியிருக்கவில்லை. கையில் பணமும் இல்லை, நெட்வொர்க் இல்லாமல் கார்டும் வேலை செய்யவில்லை. இன்று யுபிஐ-யை மட்டுமே நம்பி இருக்கும் வீடுகளுக்கும் இதே நிலை வரும். மூன்று நாள் செலவுக்கான தொகையைச் சிறிய நோட்டுகளாக ஆவணப் பையில் வையுங்கள்.

படி 6: போனில் பத்து நிமிட வேலை

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் சென்று, "சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி" பகுதியில் ரத்த வகை, மருந்து, அவசரத் தொடர்பு எண் ஆகியவற்றைக் கொடுங்கள். போன் பூட்டியிருந்தாலும் மற்றவர்கள் இதைப் பார்க்க முடியும். ஐபோனில் ஹெல்த் ஆப்பில் "மெடிக்கல் ஐடி" என்று இருக்கும். அதே பகுதியில் அவசர எச்சரிக்கைகள் ஆன் செய்யப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். 2023 அக்டோபரில் தமிழகத்தில் பலரது போன் அலறி ஒரு சோதனைச் செய்தி வந்ததே, அந்த வசதிதான் இது.

அடுத்து கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு "ஆஃப்லைன் மேப்ஸ்" சென்று உங்கள் பகுதியை டவுன்லோட் செய்யுங்கள். எங்களைப் போன்றவர்கள் திருவள்ளூர், அரக்கோணத்தோடு நிறுத்தாமல் நகரி, புத்தூர் வரை சேர்த்துக் கொள்ள வேண்டும். நெட் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனால் எந்தத் தரைப்பாலம் மூழ்கியிருக்கிறது என்று மேப் சொல்லாது. தாழ்வான பாலம் இல்லாத மாற்று வழியைத் தாளில் எழுதி வையுங்கள்.

கடை, தறிக்கூடம் வைத்திருப்பவர்களுக்கு

பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை பக்கம் விசைத்தறி வைத்திருப்பவர்கள், ஊரில் கடை நடத்துபவர்கள் பலரும் கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன பக்கத்துடன் மூன்றைச் சேருங்கள். கணக்கு சாப்ட்வேரின் பேக்கப்பைத் தினமும் பென் டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டு செல்வது ஒருவர் பொறுப்பு. கம்ப்யூட்டர் தரையில் இல்லாமல் மேஜை மேல் இருக்கட்டும். தீ என்றால் மெயினை நிறுத்துவது யார், வெளியே வந்தவர்களை எண்ணிப் பார்ப்பது யார் என்று பெயர் எழுதுங்கள். அன்றைக்கு யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்ற பதிவு காகிதத்திலும் இருந்தால்தான் எண்ண முடியும்.

கடைசிப் படி: ஒத்திகை

சாப்ட்வேர் துறையில் நாங்கள் அடிக்கடி சொல்வது இது: மீட்டுப் பார்க்காத பேக்கப், பேக்கப்பே அல்ல. திட்டமும் அப்படித்தான்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டில் மெயின் சுவிட்சை நிறுத்தி, இன்வெர்ட்டரையும் மோடத்தையும் அணைத்து, போன்களை ஒரு டப்பாவில் போட்டோம். ஒரு மணி நேரம். நான் பெருமையாக ஒட்டி வைத்திருந்த தாளைப் பாட்டியால் படிக்க முடியவில்லை. 11 அளவில் அச்சடித்திருந்தேன். (மேலே 16 என்று சொன்னதன் காரணம் இதுதான்.) டார்ச்சில் செல் கசிந்து துருப் பிடித்திருந்தது. பாஸ்வேர்டு கவரைப் பத்திரமாக பென் டிரைவ் பையிலேயே வைத்திருந்தேன். அம்மா மட்டும் எந்தத் தாளையும் பார்க்காமல் எங்கள் எல்லோருடைய எண்ணையும் மனப்பாடமாகச் சொன்னார். "அந்த மூணு நாளைக்கு அப்புறம் படிச்சு வச்சுக்கிட்டேன்" என்றார்.

இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். காலையில் தாளைத் தயார் செய்யுங்கள். மாலையில் மெயினை நிறுத்திப் பாருங்கள். எது வேலை செய்யவில்லையோ அதைத் திருத்தி மறுபடி பிரிண்ட் எடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் ஒரு முறை, கோடை தொடங்கும் மார்ச்சில் ஒரு முறை என்று ஆண்டுக்கு இரண்டு ஒத்திகை போதும்.

அதற்கெல்லாம் நேரமில்லை என்பவர்கள், இந்த இதழை மூடி வைப்பதற்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று எண்களை எழுதி உங்கள் பிள்ளையின் பர்ஸில் வையுங்கள். அதற்குக் கம்ப்யூட்டர் கூடத் தேவையில்லை.